ஐம்பது தாண்டிய முட்டியும் கராத்தேயும்: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் எந்த டோஜோவுக்கு, அதாவது கராத்தே பயிற்சிக்கூடத்துக்குப் போனாலும் கருப்பு பெல்ட் வரிசையில் நரைத்த தலைகள் கண்ணில் படும். சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ டோங்காட்டிலோ சின்ன வயதில் ஆரம்பித்து, வேலை, கல்யாணம், பேரப்பிள்ளை எல்லாம் பார்த்த பிறகும் விடாதவர்கள். அவர்களிடம் முட்டியைப் பற்றிக் கேட்டால் ஒன்று "சூடானா சரியாயிடும் தம்பி" என்பார்கள், இல்லையென்றால் "டாக்டர் எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லிட்டார்" என்பார்கள். பெரும்பாலான முட்டிகளுக்கு இந்த இரண்டுமே சரிப்படாது. முட்டிக்கு வேண்டியது அது தாங்கக்கூடிய அளவு பாரம், கூடவும் வேண்டாம், அறவே இல்லாமலும் வேண்டாம். அந்த அளவைக் கண்டுபிடிக்க எங்கே வலிக்கிறது, எப்போது வீங்கியது, மறுநாள் காலையில் எப்படி இருக்கிறது என்ற மூன்றையும் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். கராத்தே என்றே சொல்லிக்கொண்டு போனாலும் ஜூடோ, ஜியு ஜிட்சு, டேக்வாண்டோ, சிலம்பம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இது பரிசோதனைக்கு மாற்று இல்லை. எதை வீட்டில் பார்க்கலாம், எதற்கு உடனே ஓட வேண்டும் என்று பிரித்துக்கொள்ளத்தான்.

முதலில் இவை: இதில் ஒன்று இருந்தாலும் கிளம்புங்கள்

அடிபட்ட பிறகு காலை ஊன்றி நாலு அடி வைக்க முடியவில்லை. முட்டியைத் தொண்ணூறு பாகை மடக்க முடியவில்லை. முட்டிச்சில்லை மட்டும் அழுத்தினால் உயிர் போகிறது, அல்லது முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கும் சின்ன எலும்பு முனையைத் தொட்டால் வலிக்கிறது. இவற்றில் ஏதாவது இருந்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஒட்டாவா விதி என்று அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பயன்படுத்துவது இதுதான். அதில் இன்னொரு வரி உண்டு: அடிபட்டவருக்கு 55 வயது ஆகிவிட்டால் மற்ற எதுவும் இல்லாவிட்டாலும் எக்ஸ்ரே. நம்மில் பலர் அந்த வரிக்குள்தான் வருகிறோம்.

மல்லாந்து படுத்து, காலை நீட்டியபடியே படுக்கையிலிருந்து தூக்கிப் பாருங்கள். தூக்கவே முடியவில்லை, முட்டிச்சில்லுக்கு மேலே விரல் வைத்தால் பள்ளம் தட்டுப்படுகிறது என்றால் முன்தொடைத் தசைநார் அறுந்திருக்கலாம். இது நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அதிகம் வருகிற காயம், படியில் கால் தவறி சமாளிக்கப் பார்க்கும் அந்த ஒரு நொடியிலேயே வந்துவிடும். இதை "ரெண்டு வாரம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டால் தசை மேலே சுருங்கிக்கொண்டு, தைப்பதே கஷ்டமாகிவிடும்.

முட்டி சூடாக, சிவந்து, காய்ச்சலும் சேர்ந்தால் உள்ளே கிருமி புகுந்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி. காய்ச்சல் இல்லாமல் நள்ளிரவில் திடீரென்று இப்படி ஆனால் கவுட்டாகவும் (யூரிக் அமில வாதம்) இருக்கலாம், ஆனால் எது என்பதை முட்டியிலிருந்து நீர் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும், நாமாக முடிவு பண்ணக்கூடாது. விழுந்ததில் முட்டி இடம் பெயர்ந்து தானாகவே திரும்ப உட்கார்ந்துவிட்டாலும், பாதம் சில்லிட்டாலோ மரத்தாலோ, அதுவும் அவசரம்தான். பின்னால் ஓடும் ரத்தக்குழாய் அடிபட்டிருக்கலாம்.

"டக்"கென்று சத்தம், ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே வீக்கம்

குதித்து உதைத்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்கியபோது, அல்லது பாதம் தரையில் ஒட்டிக்கொண்டிருக்க உடம்பு மட்டும் திரும்பியபோது சத்தம் கேட்டது, வகுப்பு முடிவதற்குள் முட்டி பந்தாகிவிட்டது. இவ்வளவு சீக்கிரம் வீங்கினால் உள்ளே சேர்வது பெரும்பாலும் ரத்தம். முதல் சந்தேகம் ஏ.சி.எல். எனும் முன் குறுக்கு ஜவ்வு.

அன்றைக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: நிறுத்துங்கள், கட்டு போடுங்கள், காலைத் தூக்கி வையுங்கள், வலிக்கு ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். வெந்நீர் ஒத்தடம், எண்ணெய் போட்டு நீவி விடுவது, மாலையில் பிராய் (கறி சுடும் அடுப்பு) பக்கத்தில் பீரோடு உட்காருவது, இந்த மூன்றும் முதல் இரண்டு மூன்று நாள் வேண்டாம். நீவி விட ஆளில்லாத தெரு நம் பக்கம் கிடையாது, அத்தை மனம் நோகாமல் மறுப்பதுதான் கஷ்டம், ஆனாலும் மறுங்கள். அதே சமயம் வாரக்கணக்கில் அசையாமல் கிடப்பதும் தப்பு. வலி தணிந்ததும் குதிகாலுக்குக் கீழே ஒரு சுருட்டிய துண்டை வைத்து முட்டி தானாக நேராகும்படி விடுங்கள், முன்தொடையை இறுக்கி இறுக்கி விடுங்கள். முட்டி முழுவதும் நீள்வதும் முன்தொடை விழித்துக்கொள்வதும்தான் முதல் இரண்டு இலக்கு.

ஜவ்வு அறுந்தால் ஆபரேஷன் கட்டாயம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சுவீடனில் நடந்து 2010இல் வெளிவந்த ஆய்வில் 18 முதல் 35 வயது வரை உள்ள 121 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே அறுவை, மறுபாதிக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பின்னால் அறுவை. இரண்டு வருடம் கழித்து இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தன. அவர்களே இளைஞர்கள். ஐம்பத்தைந்து வயதில் கத்தா (தனியாகச் செய்யும் அசைவு வரிசை), அடிப்படைப் பயிற்சி, கொஞ்சம் குத்துப்பை அடிப்பது போதும் என்பவருக்கு ஜவ்வு இல்லாமலேயே வண்டி ஓடலாம். ஜூடோவில் எறிவேன், குமிதே (எதிராளியோடு மோதும் பயிற்சி) விடமாட்டேன், நடக்கும்போதே முட்டி நழுவுகிறது என்பவர் அறுவை நிபுணரிடம் பேச வேண்டும். அறுவை செய்தால் சண்டைக்குத் திரும்ப ஒன்பது மாதத்துக்குக் குறையாமல் ஆகும். நாள் கணக்கு மட்டும் போதாது, ஒற்றைக் காலில் தாண்டும் தூரம் நல்ல காலின் தூரத்தில் தொண்ணூறு சதவீதமாவது வர வேண்டும்.

அன்றைக்கு ஒன்றுமில்லை, மறுநாள் வீங்கிவிட்டது, மாட்டிக்கொள்கிறது

வயதான முட்டிகளில் அதிகம் வருவதும், அதிகம் குழப்புவதும் இதுதான். செய்சாவிலிருந்து (குதிகால் மேல் மண்டியிட்டு உட்காருவது) எழுந்தபோது, அல்லது மவாஷி கேரி (வட்ட உதை) உதைத்தபோது உள்பக்கம் ஏதோ இழுத்தது. வகுப்பை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டீர்கள். மறுநாள் காலையில் முட்டி உப்பி, மடக்க மறுக்கிறது. மூட்டு இடுக்கின் மேல் விரலை வைத்து அழுத்தினால் ஒரு புள்ளி மட்டும் சுருக்கென்று வலிக்கிறது. இது மெனிஸ்கஸ், தொடை எலும்புக்கும் கணைக்கால் எலும்புக்கும் நடுவே மெத்தையாக இருக்கும் அரைவட்டக் குருத்தெலும்பு.

உள்ளே நீர் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். காலை நீட்டி உட்கார்ந்து, முட்டியின் உள்பக்கத்தைக் கீழிருந்து மேலாக உள்ளங்கையால் இரண்டு மூன்று தடவை வழித்து விடுங்கள். பிறகு வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாக ஒரு தடவை வழியுங்கள். உள்பக்கக் குழி மெல்லப் புடைத்தால் நீர் கோத்திருக்கிறது. இருபது முப்பது மில்லி நீர் சேர்ந்தாலே முன்தொடையின் உள்பக்கத் தசை சரியாக வேலை செய்யாது. முட்டி வீங்கி இரண்டு வாரத்தில் தொடை மெலிந்து போவதற்கு அதுவும் ஒரு காரணம். அதனால்தான் வீக்கம் இருக்கும்போது தாழ்ந்த நிலைகளில் நிற்பதால் லாபமே இல்லை, வேலை செய்ய வேண்டிய தசை படுத்துக்கிடக்கிறது, பாரம் முழுவதும் மூட்டுக்குப் போகிறது.

அப்புறம் எம்.ஆர்.ஐ. விஷயம். "கிழிந்திருக்கிறது" என்று அறிக்கையில் வந்ததும் முகம் வாடிவிடுகிறது. அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் 50 முதல் 90 வயது வரை உள்ள 991 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2008இல் வெளியிட்டார்கள். மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய மாதம் முட்டியில் வலியோ விறைப்போ இல்லவே இல்லை. அதாவது ஐம்பதுக்கு மேல் அறிக்கையில் கிழிசல் இருப்பதும் அதுதான் வலிக்குக் காரணம் என்பதும் வேறு வேறு. ஃபின்லாந்தில் ஒரு படி மேலே போய், 35 முதல் 65 வயது வரை உள்ள 146 பேரில் பாதிப்பேருக்கு நிஜமாகவே கிழிந்த பகுதியை வெட்டியெடுத்தார்கள், மீதிப்பேருக்கு வெட்டாமல் வெட்டியது போல மட்டும் செய்தார்கள். 2013இல் முடிவு வந்தது: ஒரு வருடம் கழித்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் தேறியிருந்தார்கள். தேய்மானத்தோடு சேர்ந்த கிழிசலுக்குத் துளை போட்டு வெட்டுவதை இப்போது பெரும்பாலான வழிகாட்டிகள் பரிந்துரைப்பதில்லை.

ஆனால் இரண்டு விதிவிலக்கு. ஒன்று, நிஜமான பூட்டு: கதவிடுக்கில் துணி மாட்டிக்கொண்டது போல முட்டி ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறது, எவ்வளவு முயன்றாலும் நீட்ட முடியவில்லை, நாள் கணக்கில் அப்படியே இருக்கிறது. இது வலியால் நீட்டப் பயப்படுவது அல்ல, உள்ளே துண்டு குறுக்கே கிடக்கிறது. சீக்கிரம் நிபுணரிடம் காட்ட வேண்டும். இரண்டாவது, குந்தும்போதோ படி இறங்கும்போதோ முட்டியின் பின்பக்கம் ஒரு சத்தம், உடனே கடும் வலி. மெனிஸ்கஸின் வேர் பிடுங்கிக்கொண்டிருக்கலாம். அதைக் கவனிக்காமல் விட்டால் மூட்டு வேகமாகத் தேயும்.

மற்றவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரப் பயிற்சிதான் மருந்து. முதல் இரண்டு வாரம் வீக்கம் வற்றும் வரை சைக்கிள், சீட்டை உயர்த்தி, பாரம் இல்லாமல். பிறகு நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து மெல்ல உட்காருவது, பாலம் போலப் படுத்து இடுப்பைத் தூக்குவது, தாழ்வான படியில் ஏறி இறங்குவது. முழுக்கக் குந்துவதும் செய்சாவும் கடைசியில். குந்தியபடியே திரும்புவது அதற்கும் பிறகு.

உதைக்கும் முறையையும் பாருங்கள். மவாஷி கேரியில் ஊன்றிய காலின் குதிகால் எதிராளியைப் பார்க்கும் அளவுக்குத் திரும்ப வேண்டும். அது திரும்பாமல் இடுப்பு மட்டும் திரும்பினால் அந்த முறுக்கு முழுவதும் முட்டிக்குள் போகிறது. இப்போது நிறைய இடத்தில் போட்டிருக்கும் பஞ்சு மெத்தைத் தரை வெறுங்காலைப் பிடித்துக்கொள்ளும், ஜனவரி மாதத்து டர்பன் வியர்வையில் இன்னும் மோசம், ஓரிடத்தில் ஒட்டும், அடுத்த இடத்தில் வழுக்கும். குதிகாலைக் கொஞ்சம் தூக்கி, முன்பாதத்தில் சுழலுங்கள். அல்லது இடுப்பு உயரத்துக்கே உதையுங்கள். தலை உயரத்துக்கு உதைத்துக் காட்டி யாரும் புதுசாக பெல்ட் தரப்போவதில்லை.

உள்பக்கம் வலி, பக்கவாட்டில் அடிபட்ட பிறகு

எதிராளி காலை வாரியபோது, அல்லது வெளிப்பக்கத்திலிருந்து உதை விழுந்தபோது முட்டி உள்ளே மடங்கியது. வலி உள்பக்கத்தில் நீளமாக ஒரு கோட்டில். இது உள்பக்க ஜவ்வு. நல்ல செய்தி என்னவென்றால் இதற்கு ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் பெரும்பாலும் அறுவை இல்லாமலேயே ஒட்டிக்கொள்ளும். லேசானது ஒன்று முதல் மூன்று வாரம், நடுத்தரம் நாலு முதல் ஆறு வாரம், முழுவதும் அறுந்தால் அதற்கு மேல். கீல் வைத்த முட்டிப் பட்டை உதவும். நீந்துகிறவர்கள் இந்தக் காலத்தில் தவளை நீச்சலை விட்டுவிடுங்கள், அந்தக் கால் வீச்சு இதே ஜவ்வைத்தான் இழுக்கும்.

அடியே படாமல், மூட்டுக்கு மூன்று விரல் கீழே உள்பக்கம் தொட்டால் வலித்தால், அது அங்கே இருக்கும் சின்ன நீர்ப்பையின் அழற்சியாக இருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும், நம் சனத்தில் சர்க்கரை இல்லாத வீடு எது. படியைக் குறைத்து, தொடையைப் பலப்படுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஜியு ஜிட்சுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: குதிகாலைத் திருகும் பிடியில் வலி தெரிவதற்கு முன்பே ஜவ்வு போய்விடும். ஐம்பதுக்கு மேல் பிடி விழுந்ததுமே தோற்றதாகத் தட்டிவிடுங்கள்.

முன்பக்கம் வலி: படி இறங்கும்போது, கிபா தாச்சியில் (குதிரைச் சவாரி நிலை), ஜோஹன்னஸ்பர்க் வரை காரில் உட்கார்ந்த பிறகு

வீக்கம் இல்லை, பூட்டு இல்லை, முட்டிச்சில்லைச் சுற்றி மந்தமான வலி. ஏறும்போதை விட இறங்கும்போது அதிகம். என்னுடைய என்3 நெடுஞ்சாலைப் பயணத்தில் ஆறு மணி நேரம் மடக்கி உட்கார்ந்துவிட்டு இறங்கினால் முதல் பத்து அடி நொண்ட வேண்டியிருக்கிறது. முட்டிச்சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையே அழுத்தம் அதிகமாவதுதான் விஷயம், மடக்க மடக்க அழுத்தம் கூடும். சாட்ஸ்வொர்த் மேட்டில், தெருவிலிருந்து வீட்டுக்கு முப்பது படி இறங்க வேண்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை.

இங்கே முதல் மாற்றம் நிலையின் உயரம். தாழ்ந்து நின்றால்தான் கராத்தே என்ற எண்ணத்தை விட வேண்டும். ஜென்குட்சு தாச்சியில் (முன்கால் மடக்கி நிற்கும் நிலை) அரை அடி உயர்ந்து நில்லுங்கள், முன்முட்டி உள்ளே சரியாமல் இரண்டாவது கால்விரலின் திசையிலேயே போகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். கிபா தாச்சியில் பாதம் இரண்டும் நேராக இருக்க வேண்டும் என்று சென்செய் (ஆசிரியர்) அதட்டியிருப்பார். இருபது வயது இடுப்புக்கு அது சரி. இடுப்பு மூட்டு திரும்ப மறுக்கும் வயதில் பாதத்தை மட்டும் நேராக்கினால் அந்த முறுக்கும் முட்டிக்குத்தான் வந்து சேரும். ஷிகோ தாச்சி போல விரல்களை வெளியே திருப்பி நிற்பது தப்பில்லை. இதைச் சொன்னால் கோபப்படும் சென்செய்கள் உண்டு. அவர்களில் நிறையப் பேர் இப்போது நாற்காலியில் உட்கார்ந்துதான் வகுப்பு எடுக்கிறார்கள்.

இரண்டாவது, முட்டியை மட்டும் பலப்படுத்தாமல் பிட்டத் தசையையும் சேர்த்துப் பலப்படுத்துவது. பக்கவாட்டில் படுத்து மேல்காலைத் தூக்குவது, முட்டிக்கு மேலே ரப்பர் பட்டை மாட்டி நண்டு நடை நடப்பது. இடுப்பு பலமில்லாவிட்டால் முட்டி உள்ளே சரியும்.

வலி சில்லுக்குக் கீழே ஒரே புள்ளியில், விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி இருந்தால் அது தசைநார். இதற்கு ஓய்வு கொடுத்தால் வலி போகும், திரும்பக் குதித்தால் திரும்ப வரும். சுவரில் முதுகைச் சாய்த்து, பாதி மடக்கிய முட்டியோடு 45 நொடி அசையாமல் இருப்பது, இடையில் ஒன்றிரண்டு நிமிடம் விட்டு ஐந்து தடவை. நிறையப் பேருக்கு இது செய்த கையோடு வலி குறையும். சில வாரத்தில் மெதுவான, கனமான எடைப் பயிற்சிக்கு மாறுங்கள். மூன்று மாதமாவது பொறுமை வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்கள், அதிலும் அறுபது தாண்டியவர்களும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களும், தசைநார் வலியை அலட்சியம் பண்ணக்கூடாது. அந்த மருந்துக் குடும்பத்துக்குத் தசைநார் அறுந்துபோகும் ஆபத்து பற்றிய எச்சரிக்கை உண்டு.

காலையில் விறைப்பு, கொஞ்சம் நடந்தால் சரியாகிறது, மாலையில் திரும்ப வலி

நாற்பத்தைந்துக்கு மேல், வேலை செய்தால் வலி, காலை விறைப்பு அரை மணிக்குள் போய்விடுகிறது என்றால் மூட்டுத் தேய்மானம் என்று சொல்ல எக்ஸ்ரேகூடத் தேவையில்லை. விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், கை விரல்களும் சேர்ந்து வீங்கினால் அது வேறு வகை வாதமாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

தேய்ந்த முட்டிக்கு அசைவு கெடுதல் என்ற நினைப்புதான் பெரிய கெடுதல். குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அழுத்தி விடும்போது அதனுள் போய்வரும் மூட்டு நீர்தான் அதற்கு உணவு. டர்பன் பீச் ஃப்ரன்ட் (கடற்கரை) நடைபாதை சமமாக, நீளமாக, காற்றோட்டமாக இருக்கிறது, காலையில் அங்கே நடப்பதற்கு மருந்துச் சீட்டு எழுதலாம். தண்ணீரில் இடுப்பளவு நின்று கத்தா செய்வது இன்னும் நல்லது, உடம்பின் எடையில் பாதியைத் தண்ணீர் சுமந்துகொள்ளும்.

எடை விஷயம் யாருக்கும் பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டிக்கு ஏறும் பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறைகிறது என்று 2005இல் அளந்து காட்டினார்கள். ஐந்து கிலோ குறைத்தவர் ஒவ்வோர் அடிக்கும் இருபது கிலோவை இறக்கி வைத்திருக்கிறார். வகுப்பு முடிந்து நேராக பன்னி சோ (ரொட்டிக்குள் கறிக்குழம்பு நிரப்பியது) கடைக்குப் போகிறவர்கள் இதை இரண்டு தடவை படிக்கவும்.

குளுக்கோசமைன் பாட்டில் எல்லாப் பார்மசியிலும் இருக்கிறது, மலிவும் இல்லை. 2006இல் அமெரிக்காவில் பெரிய அளவில் சோதித்தபோது மொத்தத்தில் வெறும் மாத்திரையை விடப் பெரிதாகச் செய்யவில்லை. அந்தக் காசை ரப்பர் பட்டைக்கும் நல்ல செருப்புக்கும் செலவழிக்கலாம். ஸ்டீராய்டு ஊசி ஒரு கல்யாணத்துக்கோ பயணத்துக்கோ முன்னால் வலியைச் சில வாரம் அடக்கும். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்று இரண்டு வருடம் போட்டுப் பார்த்த 2017 ஆய்வில் வலி குறைவதில் லாபம் இல்லை, குருத்தெலும்பு மட்டும் கொஞ்சம் அதிகமாகவே குறைந்திருந்தது. வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

சின்னச் சின்ன அறிகுறிகள்

முட்டியில் கரகர சத்தம், வலி இல்லை, வீக்கம் இல்லை: விட்டுவிடுங்கள்.

முட்டிக்குப் பின்னால் கொழுக்கட்டை அளவு வீக்கம்: பேக்கர் நீர்க்கட்டி. உள்ளே இருக்கும் பிரச்சினையால் சேரும் நீர் பின்னால் போய்த் தேங்குவது. உள்ளே இருப்பதைச் சரிசெய்தால் இது வற்றும். ஆனால் திடீரென்று கெண்டைக்கால் வீங்கி, சூடாகி, வலித்தால் கட்டி உடைந்ததாகவும் இருக்கலாம், ரத்தக்கட்டாகவும் இருக்கலாம், வெளியிலிருந்து பார்த்துப் பிரிக்க முடியாது. நீவவே கூடாது, அன்றே ஸ்கேன்.

முட்டிச்சில்லுக்கு மேல் தோலுக்கடியில் மெத்தென்ற பை: அதிகம் மண்டியிடுவதால் வருவது. செய்சாவுக்கு மெத்தை போடுங்கள். தோல் கீறி, சிவந்தால் டாக்டர்.

முட்டியில் எங்கே அழுத்தினாலும் வலி இல்லை, ஆனால் நடந்தால் முட்டி வலிக்கிறது: இடுப்பைப் பாருங்கள். உட்கார்ந்துகொண்டு பாதத்தை வெளியே தள்ளினால், அதாவது தொடை உள்ளே திரும்பினால், தொடை இடுக்கில் பிடிக்கிறதா? தேய்ந்த இடுப்பு மூட்டு தன் வலியை முட்டிக்கு அனுப்பும். வருடக்கணக்கில் முட்டிக்கே பட்டை கட்டிக்கொண்டு அலைந்தவர்கள் இருக்கிறார்கள்.

காயமே இல்லாமல் முட்டி திடீரென்று மடங்கிவிடுகிறது: பெரும்பாலும் ஜவ்வு இல்லை, வலி வந்த கணத்தில் தொடைத் தசை கைவிடுவது. தொடை பலம் ஏற ஏறக் குறையும். குறையாவிட்டால் காட்டுங்கள். கால் மரப்பும் சேர்ந்தால் முதுகுத்தண்டைப் பார்க்க வேண்டும்.

மாத்திரை பற்றி

வகுப்புக்கு முன்னால் மாத்திரை போட்டுக்கொண்டு வருவது நம்மிடம் பெரிய பழக்கம். வலி தெரியாமல் பயிற்சி செய்தால் அளவு எங்கே தாண்டியது என்று சொல்ல ஆளில்லை. மைப்ரோடால் மாத்திரையில் ஐபுப்ரோஃபென், பாரசிட்டமால், கோடீன் மூன்றும் இருக்கின்றன, அதோடு பனடோவும் (அதுவும் பாரசிட்டமால்தான்) போட்டால் பாரசிட்டமால் இரட்டிப்பாகிறது. கிராண்ட்பா பவுடரில் ஆஸ்பிரின் இருக்கிறது. பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர் அதன்மேல் ஐபுப்ரோஃபென் போட்டால் சிறுநீரகத்துக்கு அடி. ரத்தம் இளக்கும் மருந்து எடுக்கிறவர்கள் கேட்காமல் எதையும் தொட வேண்டாம். முட்டிக்கு மட்டும் என்றால் டைக்ளோஃபெனாக் ஜெல் தடவுவது முதல் தேர்வு, உடம்புக்குள் போவது மிகக் குறைவு.

திரும்ப வகுப்புக்கு: எந்த வரிசையில்

எல்லா முட்டிக்கும் ஒரே அளவுகோல்தான். பயிற்சியின்போது வலி பத்துக்கு மூன்று நாலுக்குள் இருக்கட்டும், மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்திருக்கட்டும், வீக்கம் கூடாமல் இருக்கட்டும். மூன்றும் சரி என்றால் அதே அளவை இன்னொரு வாரம் செய்து, பிறகு ஒரே ஒரு விஷயத்தைக் கூட்டுங்கள். காலையில் முட்டி முணுமுணுத்தால் கைவிட வேண்டாம், போன வாரத்து அளவுக்கு இறங்குங்கள்.

முதலில் நின்ற இடத்தில் கை நுட்பங்கள். அப்புறம் உயர்ந்த நிலையில் மெதுவாகக் கத்தா, திருப்பங்களை அடி எடுத்து வைத்து, சுழலாமல். அப்புறம் முன் உதை. பக்க உதையும் மவாஷியும் அதற்குப் பின். பை அடிப்பது, ஜோடிப் பயிற்சி, கடைசியில் குமிதே. அதுவும் இருபது வயது பையனோடு இல்லை, தனக்கு வயதாகிவிட்டது என்று ஒத்துக்கொண்டவரோடு. குதிப்பை நிரந்தரமாக விட்டாலும் நஷ்டமில்லை.

பிசியோ முடிந்ததும் நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் முக்கால்வாசிப் பேர் திரும்ப அடிபடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். தென்னாப்பிரிக்காவில் நமக்கு ஒரு வசதி உண்டு, பயோகினெட்டிசிஸ்ட் என்ற தனித் தொழிலே இருக்கிறது. பிசியோ விட்ட இடத்திலிருந்து பலம் ஏற்றும் கடைசிக் கட்டத்தைப் பார்ப்பவர்கள். எச்.பி.சி.எஸ்.ஏ. (தென்னாப்பிரிக்க மருத்துவத் தொழிலர் மன்றம்) பதிவு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) சேமிப்பு ஜூன் ஜூலைக்குள் தீர்ந்துவிடும் என்பதால் வருட ஆரம்பத்திலேயே இரண்டு மூன்று தடவை போய், பயிற்சியை வீட்டில் செய்ய எழுதி வாங்கி, ஆறு வாரம் கழித்து ஒரு தடவை காட்டுவது கட்டுப்படியாகும். போகும்போது வெறுமனே "முட்டி வலிக்குது" என்று சொல்லாமல், எந்த உதை, எந்த நிலை, எத்தனை நிமிடத்தில் வலி ஆரம்பிக்கிறது என்று சொல்லுங்கள். முடிந்தால் அந்த அசைவை செல்போனில் பிடித்துக்கொண்டு போங்கள்.

தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவர்கள் கூட்டத்தில் நம்மவர்கள் நிறைய. வெறுங்காலில், சுடும் தார் ரோட்டில், தோளில் பாரத்தோடு நடப்பது முட்டிக்குப் புதிய வேலை, டோஜோ பழக்கம் அதற்கு உதவாது. ஆறேழு வாரம் முன்னாலிருந்தே நடையைக் கூட்டுங்கள், கடைசி இரண்டு வாரம் தோளில் கொஞ்சம் எடையோடும். வீங்கிய முட்டியோடு இருப்பவர் இந்த வருடம் பால்குடம் எடுக்கலாம், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முட்டி மாற்று அறுவை செய்தவர்கள் திரும்ப வரலாமா என்று கேட்கிறார்கள். கத்தா, கை நுட்பம், தாழ்வான உதை, கற்றுக்கொடுப்பது எல்லாம் பலருக்கு முடிகிறது. குதிப்பு, எறிதல், விழுதல், முழு வேகக் குமிதே வேண்டாம். மண்டியிடுவது ஆபத்தில்லை, ஆனால் தழும்பின் மேல் பாரம் விழும்போது நிறையப் பேருக்குச் சங்கடமாக இருக்கும். வணக்கத்தை நின்றுகொண்டே செய்யலாம் என்று சென்செய் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்கள் வாசலோடு திரும்பிப் போக மாட்டார்கள்.